பனைவிளைக்குள் ஒரு பார்வோன் கல்லறை

ஒரு கடிதத்தின் பின்பக்கம் காலியாகக் கிடந்ததால் வந்த வினை இது.

பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளி விடுதியில் நான் தங்கிப் படித்த காலத்தில், சனிக்கிழமைதோறும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது சட்டம். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதிவிட்டு 'மற்றவை நேரில்' என்று முடிக்கிற சாமர்த்தியமெல்லாம் மிசியம்மாவிடம் செல்லாது. மிசியம்மா என்பது எங்கள் தலைமையாசிரியை. சீமையிலிருந்து வந்து இருபது வருஷமாகத் தமிழ் படித்து, அச்சடித்த புத்தகம் மாதிரி தமிழ் பேசுகிறவர். அரைகுறைக் கடிதத்தைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். திசையன்விளையில் கருப்பட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்த என் அப்பாவுக்கு, நாங்கள் கூப்பிடுகிறபடி அய்யாவுக்கு, வாராவாரம் இரண்டு பக்கம் எழுத என்னிடம் என்ன இருந்தது? சாப்பாடு, ஜலதோஷம், மனப்பாடம் செய்த பைபிள் சங்கீதம். முதல் பக்கமே முக்கி முனகித்தான் நிறையும்.

முதல் ஜெர்மன் சண்டைக்கு நாலைந்து வருஷம் முந்தி, ஒரு கார்த்திகை மாதம், எங்களுக்கு லாந்தர் படம் காட்டினார்கள். விளக்கேற்றுகிற நேரத்துக்குப் பள்ளியின் பெரிய அறையில் கண்ணாடிப் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பெரிதாக விழவைக்க, நனைத்த வேட்டியைத் திரையாக இழுத்துக் கட்டினார்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஓர் அம்மாள், கப்பல் வழியில் எகிப்தில் இறங்கி, அந்த நாட்டு ராஜாக்களைப் புதைத்த மலையைப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் படங்களோடு வந்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எங்கள் தமிழ் ஆசிரியை மொழிபெயர்த்தார். எகிப்து என்றதும் எங்களுக்கு மோசேயும் பார்வோனும்தான். மோசே எந்தப் படத்தில் வருவார் என்று காத்திருந்தோம். கடைசிவரை அவர் வரவில்லை. ஒருத்தி எழுந்து, செங்கடலில் முழுகிப்போன பார்வோனுக்குக் கல்லறை எதற்கு என்று கேட்டேவிட்டாள். இவர் வேறு பார்வோன் என்று சொல்லி உட்காரவைத்தார்கள்.

நான் கேள்வி கேட்கிற நிலைமையில் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருந்தேன். மரமோ புல்லோ இல்லாத மொட்டை மலை. அதன் அடியில் ஒரு வாசல். வாசலிலிருந்து படி இறங்குகிறது. பிறகு சரிவாக ஒரு நடை. மறுபடி படி, மறுபடி நடை. நடுவழியில் ஆளை விழுங்குகிற ஆழத்துக்கு ஒரு குழி. அதைத் தாண்டினால் தூண் வைத்த மண்டபம். அதோடு முடிந்தது என்று நினைத்தால் அந்த மண்டபத்துத் தரையிலிருந்தே இன்னும் கீழே ஒரு வழி போகிறது. எல்லாம் போய்க் கடைசியில்தான் ராஜாவைக் கல் பெட்டியில் வைத்த அறை. ஒரு கல்கூட மேலே அடுக்கிக் கட்டியது இல்லை, அத்தனையும் மலைக்குள் குடைந்தது. அந்த அறையின் கூரை வளைவாக இருந்தது. அதில் கருநீலம் பூசி, மஞ்சளாக நட்சத்திரங்கள் தீட்டியிருந்தார்கள்.

சுவர்களில் விரல் வைக்க இடமில்லாமல் சித்திரம். சூரியன் ராத்திரியில் எங்கே போகிறது என்பதை அந்த ஜனங்கள் பன்னிரண்டு மணி நேரமாகப் பிரித்து, மணிக்கு ஒரு கட்டமாகச் சுவரைச் சுற்றி வரைந்துவைத்திருந்தார்கள். சூரியன் படகில் ஏறிப் பாதாளத்துக்குள் போகிறது. பாம்பு வழிமறிக்கிறது. பன்னிரண்டாம் கட்டத்தில் புதிதாகப் பிறந்து வெளியே வருகிறது. செத்துப்போன ராஜாவும் அதே படகில் தொற்றிக்கொண்டு போய் விடியும்போது கூடவே எழுந்துவிடலாம் என்று அவர்கள் நம்பினார்களாம். வேறொரு கூரையில் ஒரு பெண் நீளமாகக் கிடந்து, சாயங்காலம் சூரியனை விழுங்கிக் காலையில் பெற்றெடுக்கிற படம். அதை மட்டும் எங்கள் ஆசிரியை மொழிபெயர்க்காமல் இருமினார்.

இவ்வளவையும் அந்தச் சனிக்கிழமைக் கடிதத்தின் பின்பக்கத்தில் கொட்டினேன். படியும் நடையும் அறையும் எப்படிப் போகிறது என்று சின்னதாகப் படமும் போட்டேன். ராஜா பட்டம் கட்டின வருஷமே கல்லறை வேலையும் தொடங்கிவிடுமாம் என்று எழுதி, 'இப்படி உயிரோடு இருக்கும்போதே தயார் செய்துகொண்டவர்களுக்குச் சாவைப் பற்றிப் பயம் இருந்திராது' என்று என் சொந்தச் சரக்கையும் கடைசி வரியில் சேர்த்தேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்குப் போனேன். அய்யா அந்தக் கடிதத்தை மடித்து மடித்து நாலு துண்டாகக் கிழியும் நிலையில் மடியில் வைத்திருந்தார். நடையின் சரிவு எவ்வளவு இருக்கும், கூரை வளைவு கைக்கு எட்டுமா என்றெல்லாம் கேட்டார். என் அய்யா கருப்பட்டி விலையைத் தவிர வேறு எதையும் யாரிடமும் இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததில்லை. பெருமையாகத்தான் இருந்தது. லீவு முடிந்து பெட்டி கட்டி வைத்தேன். அய்யா வண்டி பூட்டவில்லை. மறுநாளும் பூட்டவில்லை. மூன்றாம் நாள் என்னை விளைக்குக் கூட்டிக்கொண்டு போனார். விளை என்றால் எங்கள் பக்கத்தில் பனையும் மணலுமான நிலம். வடகோடியில் நாலு முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டியிருந்தார்.

"ஏளா, அந்த ராசா அறை மாதிரி எனக்கு ஒண்ணு கட்டப் போறேன். சுவத்துல பன்னெண்டு கட்டமும் நீதான் வரையணும். வரஞ்சு முடிச்ச மறுநாளு நானே வண்டி பூட்டிக் கொண்டுபோய் விடுதேன்" என்றார்.

எனக்கு வயது பதினாறு. அடுத்த மார்கழியில் கடைசிப் பரீட்சை. தேறினால் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேரலாம். தேறாவிட்டால் அத்தை வீட்டில் மாப்பிள்ளை தயாராக இருந்தான்; அத்தை ஏற்கெனவே இரண்டு தடவை வந்து என் உயரத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போயிருந்தாள். என் இடத்தை வைத்திருக்கும்படி மட்டும் நான் மிசியம்மாவுக்கு எழுதினேன். அய்யாவும் தனியாக எழுதினார், எனக்கு உடம்பு சரியில்லை என்று. வேதம் வாசிக்கிற மனுஷர், பொய்யும் எழுதினார். பதில் வந்தது: வெயில்கால விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நாள் வரை என் இடம் காலியாக இருக்கும், அன்று காலை முதல் மணி அடிக்கும்போது நான் இல்லை என்றால் காத்திருக்கிற இன்னொரு பெண்ணுக்குப் போய்விடும். ஐந்து மாதம் இருந்தது. பன்னிரண்டு கட்டம். முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அய்யாவுக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று அம்மாதான் சொன்னாள். பதனீர் காய்ச்சுகிற வட்டையைக் கிண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். அய்யாவின் அப்பா நாற்பத்தைந்தாம் வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அய்யாவின் அண்ணனும் அதே நாற்பத்தைந்தில், அதே மாதிரி. அய்யாவுக்கு இந்தத் தையில் நாற்பத்தைந்து பிறந்துவிட்டது. அடுத்த தையைப் பார்க்க மாட்டோம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஐப்பசியில் ஒருநாள் கடையில் தலை சுற்றி உட்கார்ந்ததும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு வந்தது என் கடிதம்.

கேட்டபோது பாவமாக இருந்தது. ஆனால் எனக்குப் பாவமும் கோபமும் சேர்ந்தேதான் வரும், அன்றும் அப்படித்தான். சாவது அவர் பாடு, அதற்கு என் படிப்பு ஏன் குறுக்கே கிடக்க வேண்டும் என்று மனசுக்குள் கேட்டேன். பதினாறு வயதில் அப்படித்தான் கேட்கத் தோன்றும். இப்போதும் அந்தக் கேள்வி தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

கொத்தனாரிடம் அய்யா உண்மையைச் சொல்லவில்லை. உயிரோடு நடமாடுகிற மனுஷனுக்குக் கல்லறை கட்ட எந்தக் கொத்தனார் கரண்டி எடுப்பார்? தவிர, வேதக்கோயில் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் சபையாருக்கு ஆளுக்கு ஆறடி இடம் இருக்கும்போது, இவர் பார்வோன் மாதிரி தனியாகத் தோண்டுகிறார் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும். அதனால் கருப்பட்டி வைக்கிற குடோன் என்று சொன்னார். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும்.

கொத்தனார் ஒல்லியான மனுஷர். வெற்றிலை வாயோடு எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருப்பார். தூத்துக்குடியில் வளைவுக் கூரை போட்ட பண்டகசாலைகளில் வேலை பார்த்தவர். குடோனுக்கு எதற்கு இவ்வளவு நீள நடை, எதற்கு நீலக் கூரை என்று என்னிடம் கேட்டார். அய்யாவின் ஆசை என்றேன். வியாபாரிகளுக்குக் கொஞ்சம் காசு சேர்ந்தால் இப்படித்தான் என்று தீர்மானித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

எகிப்து மலையில் குடைந்தது எங்கள் செம்மணலில் நடக்கவில்லை. மூன்றடி தோண்டினால் இரண்டடி சரிந்து உள்ளே விழுந்தது. சரிய விடாமல் பக்கத்துக்குக் கல் அடுக்கிக்கொண்டே இறங்கினார்கள். பத்தடிக்குக் கீழே சுக்கான் பாறை தட்டியது. அதற்கு மேல் கடப்பாரை எகிறியதே தவிர இறங்கவில்லை. நீள நடை பன்னிரண்டு படியாகச் சுருங்கியது. தூண் மண்டபமும் கடைசி அறையும் ஒன்றாகி, இரண்டே தூண்களோடு ஓர் அறை ஆனது. நடுவழிக் குழியை அய்யா ரொம்ப ஆசைப்பட்டார். மூட்டை தூக்கிக்கொண்டு இறங்குகிறவன் விழுந்து காலை ஒடித்துக்கொள்வான், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று கொத்தனார் மறுத்துவிட்டார். அய்யாவால் வாதாட முடியவில்லை. இந்த அறைக்குள் மூட்டையே வராது என்று எப்படிச் சொல்வார்?

அப்படித்தான் கொத்தனார் ஒவ்வொன்றாகத் தன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொண்டே போனார். கருப்பட்டி வியர்த்துவிடும் என்று மேல் சுவரில் எதிரும் புதிருமாக இரண்டு காற்றுத்துவாரம் வைத்தார். இறங்குகிறவனுக்கு வெளிச்சம் வேண்டும் என்று படியோரம் விளக்கு மாடங்கள் வைத்தார். மழைத் தண்ணீர் வடிய வழி, கால் வழுக்காமலிருக்கத் தரையில் கீறல், தலை இடிக்காத உயரத்தில் வாசல். பிணத்துக்குக் காற்று எதற்கு என்று அய்யா ஒரு தடவை என் காதருகில் முணுமுணுத்தார். கொத்தனாரிடம் தலையாட்டிவிட்டு வந்தார்.

வாசல் நிலை நிறுத்துகிற நாளில் அய்யா தூத்துக்குடிக்குப் போயிருந்தார். கொத்தனார் தன் வழக்கப்படி நல்ல நேரம் பார்த்து, வேம்பு நிலைக்கு மஞ்சள் பூசி, பூ வைத்து நிறுத்தினார். கீழே நவதானியம் போட்டார். பிறகு, மனுஷர் புழங்குகிற இடம், நீங்கள் உங்கள் முறைப்படி பால் காய்ச்சிவிடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் ஆட்களும் புது வீட்டுக்கு ஜெபம் செய்து பால் காய்ச்சுகிறவர்கள்தான். அம்மா ஒரு நிமிஷம் நிலையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் புதுப் பானையும் பாலும் கொண்டுவந்து, அறையின் நடுவில் மூன்று கல் வைத்து மூட்டினாள். கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். பால் பொங்கி வழிந்தது. கொத்தனாருக்கு ஒரு டம்ளர், சித்தாள்களுக்கு, எனக்கு. என்னிடம் டம்ளரைக் கொடுக்கும்போது, "அய்யா கேட்டா இதச் சொல்லிக்கிடாத" என்றாள். நான் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.

பிறகு என் வேலை தொடங்கியது. மாசி பிறந்திருந்தது. கொத்தனார் சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்து, கண்ணாடி மாதிரி சுவரைத் தேய்த்துக் கொடுத்தார். எறும்பு வராதா என்றேன். சுண்ணாம்பைத் தின்னுகிற எறும்பு எந்த ஊரில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். பன்னிரண்டு கட்டம் பிரிக்க வேண்டும் என்றதும், நூலைக் காவியில் தோய்த்து, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினார். சுவரில் நேராக ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. லாந்தர் படத்தில் வேலை முடியாத ஓர் அறையைக் காட்டியிருந்தார்கள். அங்கேயும் சுவரில் இதே காவிக் கோடுகள், இதே மாதிரி நூலைச் சுண்டிப் போட்டவை. அத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அங்கே நூல் சுண்டின ஆளும் எங்கள் கொத்தனாரும் ஒரே தொழில்காரர்கள் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. கொத்தனாரிடம் சொன்னேன். நேர்கோடு போட வேறு என்ன வழி இருக்கிறது என்றார்.

கூரைக்குச் சலவை நீலம் கரைத்துப் பூசினோம். நட்சத்திரத்துக்கு நான் மஞ்சள் கிழங்கை இழைத்து வைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அத்தனையும் ரத்தச் சிவப்பு. சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் சிவக்கும் என்று தினம் ஆரத்தி பார்க்கிற ஊரில், நாலு வருஷம் போர்டிங்கில் படித்த எனக்கு மட்டும் தோன்றவில்லை. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மஞ்சள் காவியில் மறுபடி வைத்தேன்.

கட்டங்களில் கழுகுத் தலை, நரித் தலைத் தெய்வங்களை வரைய அய்யாவுக்கும் சம்மதமில்லை, எனக்கும் தைரியமில்லை. சூரியனின் படகுக்குப் பதிலாக அய்யாவின் மாட்டுவண்டியை வைத்தேன். பன்னிரண்டு கட்டத்திலும் அந்த வண்டி போய்க்கொண்டே இருக்கும், வழியில் அவருடைய வாழ்க்கை நடக்கும். பனையேறிய அவர் அப்பா, கலயம் சுமக்கிற சின்னப் பையனாக அவர், பதனீர் வட்டை, கல்யாணம், முதல் கடை. ஆட்களை எகிப்து மாதிரி தோள் இரண்டும் தெரிய, முகம் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்க வரைந்தேன். எனக்கு ஒரு கண்தானா என்று அய்யா கேட்டார். ராஜாவுக்கும் ஒரு கண்தான் என்றேன்.

பங்குனிக் கடைசியில் எட்டுக் கட்டம் முடிந்திருந்தது. வெயில் ஏற ஏற அம்மா மதியம் படுக்க அங்கே வர ஆரம்பித்தாள். ஊரே கொதிக்கும்போது அந்த அறை மண்பானைத் தண்ணீர் மாதிரி இருக்கும். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓலைப்பெட்டி முடைகிற வேலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு குழந்தை தூணுக்குத் தூண் தூளி கட்டித் தூங்கியது. குடோன் என்று சொல்லிவிட்டு வெறுமனே போட்டால் கொத்தனார் சந்தேகப்படுவார் என்று அம்மா ஓலையில் கட்டின கருப்பட்டிச் சிப்பங்களையும் கொண்டுவந்து அடுக்கினாள். அய்யா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார். தான் செத்துப் படுக்கக் கட்டின இடத்தில் நாலு பேர் வெற்றிலை போடுவதை அவரால் தடுக்கவும் முடியவில்லை, காரணம் சொல்லவும் முடியவில்லை.

சித்திரையில்தான் எனக்கு உறைக்கத் தொடங்கியது. ஒன்பதாவது கட்டம் முடிந்த அன்று அய்யா வந்து பார்த்தார். காளைக்குத் திமில் சரியில்லை என்று, ஈரத் துணியால் தானே துடைத்து அழித்தார். மறுபடி வரைந்தேன். பத்தாவதில் வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் குறைகிறது என்று அழித்தார். எண்ணிப் பார்த்தேன், குறையவில்லை. பதினொன்றாவதை முதல் தடவை அழித்தபோது அழுதேன். இரண்டாம் தடவை அழவில்லை, யோசித்தேன். முதல் எட்டில் ஒரு கட்டத்தில் கல்யாணப் பெண்ணுக்கு மூக்கே வைக்காமல் விட்டிருந்தேன், அதை அவர் ஒன்றும் சொல்லவில்லை. முடிவு நெருங்க நெருங்கத்தான் அவருக்குக் குற்றம் தெரிகிறது. பன்னிரண்டும் முடிந்துவிட்டால் பிறகு அந்த அறைக்கு வேண்டியது ஓர் ஆள் மட்டும்தான். அது அவருக்குத் தெரிந்திருந்தது. சாவுக்குத் தயாராக இருக்கிறேன் என்று கட்ட ஆரம்பித்தவர், கட்டி முடிக்கப் பயந்துகொண்டிருந்தார். அதற்குள் வைகாசி பிறந்து, என் பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது.

இரண்டு நாள் இருக்கும்போது பதினொன்றாவது கட்டத்தை மூன்றாம் தடவை முடித்தேன். அய்யா ஈரத் துணியோடு வந்தார். கொத்தனார் படியில் உட்கார்ந்து கடைசி வெள்ளையை அடித்துக்கொண்டிருந்தார். அம்மா சிப்பம் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சுவருக்கும் அய்யாவுக்கும் நடுவில் போய் நின்றேன். நான் அப்போது கத்தவில்லை என்று அம்மா பிற்காலத்தில் சொல்வாள். எனக்கு என்னவோ கத்தினதாகத்தான் ஞாபகம்.

"அய்யா, உங்களுக்குச் சாகப் பயம்னா பயம்னு சொல்லுங்க. உங்க கல்லறைக்குள்ள எம் படிப்ப ஏன் புதைக்கிய?"

கொத்தனார் வெள்ளை அடித்துக்கொண்டிருந்த மட்டை நின்றது. யாருடைய கல்லறை என்று கேட்டார். நான்தான் சொன்னேன். கடிதம், ராஜா, நாற்பத்தைந்து வயது, எல்லாவற்றையும். அவர் கேட்டு முடிக்கும்வரை வெற்றிலையை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். பிறகு மேலே ஏறிப் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். கடப்பாரையோடு திரும்பி வந்தார். நிலைக்கும் சுவருக்கும் நடுவே அதன் முனையை வைத்துவிட்டு அய்யாவைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது நான் மனுசன் புழங்கன்னு நிறுத்துன நிலை. கீழ தானியம் கிடக்கு. உள்ள பால் பொங்கியிருக்கு. பால் காய்ச்சின இடத்துல பொணத்த வைக்க எங் கை ஒத்துக்கிடாது. கல்லறைதான் வேணும்னா சொல்லும், இப்பவே நிலையப் பேத்து எடுத்துட்டுப் போயிருதேன். பெறவு வெறும் குழிதான், நீரு என்னமும் செய்யும்."

"பாலா? எவ காய்ச்சினா?" என்றார் அய்யா.

"நாந்தான்" என்றாள் அம்மா. சிப்பத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.  சொல்ல வேண்டியதை அவள் நிலை நிறுத்தின அன்றே செய்து முடித்திருந்தாள்.

கொத்தனார் காத்திருந்தார். ஒரு நெம்பு நெம்பினால் நிலை வந்துவிடும். அய்யா அவரையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. சுவரில் முதல் கட்டத்திலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் மூக்கு வைக்காத கல்யாணப் பெண்ணிடம் கொஞ்ச நேரம் நின்றார். காவிக் கோடு மட்டும் போட்டு வெறுமையாக இருந்த கடைசிக் கட்டத்துக்கு வந்ததும், கையிலிருந்த ஈரத் துணியைக் கீழே போட்டார். வாசலுக்கு வந்து கடப்பாரையின் மேல் கையை வைத்தார். 

"நிலை இருக்கட்டும் வே" என்றார்.

சொன்னவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.  நெஞ்சைப் பிடிக்கிறாரோ என்று ஓடினேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அய்யா அழுது நான் அன்றுதான் பார்த்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கொத்தனார் கடப்பாரையைச் சாத்திவிட்டு, மிச்சமிருந்த இரண்டு படிக்கும் வெள்ளை அடித்து முடித்தார். எனக்கு அய்யா மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போல் இருந்தது, உட்கார்ந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் வண்டி பூட்டினார். வழியில் நாங்குநேரியில் தங்கி, மாடுகளை இளைப்பாற்றி ராத்திரியே கிளம்பினோம்.  வழியில் அய்யா இரண்டு தடவை மாட்டைத் தட்டி விரட்டினார். வழக்கமாக மாட்டை அடிக்கிற ஆள் இல்லை அவர். பள்ளி திறக்கிற நாள் காலையில், முதல் மணிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தோம்.

மிசியம்மா வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணாகப் பேர் கேட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "உன் சரீரசுகம் இப்பொழுது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அப்போதுதான் அய்யா எழுதின பொய் எனக்கு ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, தேவலாம் என்று சொல்லத் தயாரானேன். அப்படிச் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அய்யா என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்திருந்தது.

"பிள்ளைக்கு ஒரு கேடும் இல்லம்மா. எனக்குத்தான் சாகப் பயம். அதான் பிடிச்சு வச்சுக்கிட்டேன். எழுதினது பொய்."

சுற்றிலும் பெண்களும் பெண்களைக் கொண்டுவிட வந்த தகப்பன்மார்களும் நின்றார்கள். திசையன்விளைச் சந்தையில் அவர் தலையசைத்தால் விலை நிற்கும். அப்பேர்ப்பட்டவர் நாலு பேர் நடுவில் இதைச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அவரைப் போல இன்னொரு தகப்பன் அந்த வாசலில் இல்லை என்றுதான் இருந்தது.

 எனக்கும் அந்தப் பயம் உண்டு என்று மிசியம்மா தன் புத்தகத் தமிழில் சொன்னார். கப்பலேறி வந்த நாள் முதல் உண்டு என்றார். பிறகு, இந்தப் பெண் ஐந்து மாதப் பாடத்தை இழந்திருக்கிறாள், இனி மார்கழிப் பரீட்சை முடியும்வரை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், சம்மதமா என்று கேட்டார்.

 மார்கழி அய்யாவுக்கு நாற்பத்தைந்தின் கடைசி மாதம். தை பிறந்த நாளிலிருந்து அவர் ஒரு வாரத்துக்கு அப்பால் இருக்கிற எந்தக் காரியத்தைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. விதைப்புக்கா, கொள்முதலுக்கா, எதற்கும் 'பார்ப்போம்' என்பார். அன்று, "பரீட்சை முடியுத அன்னைக்கு நானே வண்டி கொண்டு வருதேன். வேற ஆள் வராது" என்றார். 

மணி அடித்தது, நான் உள்ளே போனேன். மார்கழியில் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் நின்ற வண்டிகளில் எங்களுடையதுதான் முதலாவதாக நின்றது. அய்யா மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.